காமா நைஃப் முடிந்து எட்டு மாதம்: ஏவிஎம் இன்னும் ஏன் மூடவில்லை?

கேள்வி: நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். என் தங்கைக்கு 31 வயது. திடீரென்று ஃபிட்ஸ் வந்தது. ஸ்கேனில் மூளையில் ஏவிஎம் என்றார்கள், அளவு இரண்டரை செ.மீ. காமா நைஃப் செய்து எட்டு மாதம் ஆகிறது. ஆறாம் மாத எம்ஆர்ஐயில் ஏவிஎம் அப்படியே இருக்கிறது, சுற்றிலும் லேசான வீக்கம் வேறு. டாக்டர் இன்னும் இரண்டு வருஷம் பொறுக்கச் சொல்கிறார். அவ்வளவு செலவழித்தும் பலிக்கவில்லையோ என்று வீட்டில் பேச்சு. குழந்தை பெற்றுக்கொள்ளவும் ஆசைப்படுகிறாள். என்ன செய்வது?

பதில்: சிகிச்சை பலிக்கவில்லை என்று சொல்லும் நேரம் இன்னும் வரவில்லை. உங்கள் டாக்டர் சொன்ன கணக்கு சரிதான்.

ஏவிஎம் என்பது தமனியும் சிரையும் நடுவில் நுண்குழாய்கள் இல்லாமல் நேராக முடிச்சுப் போட்டுக்கொண்ட இடம். வேகமாகப் பாயும் ரத்தம் அந்த மெல்லிய சுவர்களை அழுத்திக்கொண்டே இருக்கிறது. காமா நைஃப் என்ற பெயரில் கத்தி இருந்தாலும் அது எதையும் வெட்டுவதில்லை. கோபால்ட்-60 கதிர்களை அந்த முடிச்சின் மேல் குவிக்கிறது, அவ்வளவுதான். கதிர் பட்ட குழாய்ச் சுவரின் உள்படலம் காயப்பட்டு, ஆறும் முயற்சியில் தடிக்கிறது. உங்கள் ஊர் வாய்க்காலில் வண்டல் படியப்படியத் தண்ணீர் குறைவது போல, உள்வழி மாதக்கணக்கில் குறுகி, கடைசியில் ரத்தம் உறைந்து அடைபடுகிறது. உடம்பு தன் வேகத்தில் செய்யும் வேலை இது. மருந்து கொடுத்து அதை விரைவுபடுத்த முடியாது.

ஸ்டாக்ஹோமில் லார்ஸ் லெக்செல் என்ற மூளை அறுவை நிபுணர் 1951இல் முன்வைத்த யோசனை இது. 1970 முதல் ஏவிஎம்முக்குப் பயன்படுகிறது. அதனால் இந்தக் காத்திருப்பு யாரோ ஊகித்துச் சொல்வதல்ல, அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம். 3 செ.மீ.க்குக் குறைவான ஏவிஎம்களில் பத்தில் ஏழெட்டு முழுவதும் மூடிவிடுகின்றன. பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷத்தில், சிலருக்கு நாலைந்து வருஷத்தில். ஆறாம் மாதத்தில் மூடியவர்கள் மிகக் குறைவு. ரிப்போர்ட்டில் 'மாற்றம் இல்லை' என்று இருந்தால், அந்த மாதத்துக்கு எதிர்பார்த்ததே வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வீக்கத்துக்கு வருவோம். ரிப்போர்ட்டில் 'டி2 ஹைப்பர்இன்டென்சிட்டி' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் பல குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. கதிருக்குச் சுற்றியுள்ள மூளைத் திசு காட்டும் எதிர்வினை அது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஸ்கேனில் தெரியும், பெரும்பாலும் 6 முதல் 18 மாதத்துக்குள். அதனால் உடம்பில் தொந்தரவு வருவது பத்தில் ஒருவருக்குத்தான். நிரந்தரக் குறை தங்குவது நூறில் இரண்டு மூன்று பேருக்கு. தங்கைக்குத் தலைவலி கூடுகிறதா, கை மரத்துப்போகிறதா, ஃபிட்ஸ் அதிகமாகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் டாக்டர் சில வாரங்களுக்கு டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கொடுப்பார். அது சுகரை ஏற்றும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் அடுத்த ஸ்கேன்வரை பார்த்துக்கொண்டிருப்பதே போதும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோரும் படியுங்கள். முழுவதும் மூடும்வரை ரத்தக்கசிவு அபாயம் போகாது. சிகிச்சைக்கு முன் இருந்த அளவிலேயே, வருஷத்துக்கு நூறில் இரண்டு முதல் நான்கு என்ற கணக்கில், தொடரும். பயந்து முடங்க வேண்டாம். வேலைக்குப் போகலாம், நடக்கலாம், சமைக்கலாம். பிபி மட்டும் கட்டுக்குள் இருக்க வேண்டும். புகை, மது கூடாது. ஆஸ்பிரினோ மற்ற வலி மாத்திரைகளோ மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடக் கூடாது. ஃபிட்ஸ் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. "இப்போதெல்லாம் வருவதில்லையே" என்று நிறுத்துபவர்கள்தான் எமர்ஜென்சிக்கு வருகிறார்கள். டாக்டர் அனுமதிக்கும்வரை ஸ்கூட்டர் ஓட்டுவது, கிணற்றடி, குளத்தில் தனியாகக் குளிப்பது வேண்டாம்.

இதுவரை இல்லாத கடும் தலைவலி சட்டென்று வந்தால், வாந்தி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலமின்மை, நினைவு தப்புதல் இவற்றில் ஏதாவது இருந்தால், ஒரு நிமிஷமும் தள்ளாதீர்கள். எல்லையில் இருப்பவர்களுக்குப் பாலக்காடா கோவையா என்ற குழப்பம் வரும். சிடி ஸ்கேனும் நியூரோசர்ஜனும் 24 மணி நேரமும் எங்கே இருக்கிறார்கள் என்று இப்போதே விசாரித்து, அந்த நம்பரை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, கதிர் அளவு எழுதிய தாள், ஸ்கேன் படங்கள் உள்ள சிடி (டிஸ்க்) மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும். காமா நைஃப் எங்கே செய்தீர்களோ அந்த ஊருக்குத்தான் போக வேண்டும் என்று அந்த நேரத்தில் அடம்பிடிக்க வேண்டாம்.

குழந்தை பற்றி: மூடியது உறுதியாகும்வரை தள்ளிப்போடச் சொல்வதே வழக்கம். 31 வயதில் இரண்டு வருஷம் பொறுப்பது அவளுக்கு எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அதையே சொல்கிறேன். இந்த இடைவெளியில் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. ஃபிட்ஸுக்கு சோடியம் வால்ப்ரோயேட் எடுக்கிறாளா என்று சீட்டைப் பாருங்கள். அது கருவைப் பாதிக்கக்கூடியது. வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று இப்போதே நியூராலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த எம்ஆர்ஐ பெரும்பாலும் ஒரு வருஷ முடிவில், பிறகு வருஷம் ஒருமுறை. முடிந்தால் ஒரே இடத்தில் எடுங்கள், ஒப்பிட எளிது. எம்ஆர்ஐயில் ஏவிஎம் மறைந்துவிட்டது என்று வந்ததும் பலர் ஃபாலோ-அப்பையே விட்டுவிடுகிறார்கள். நான் மிகவும் வருந்துவது இதற்குத்தான். சின்ன மிச்சம் எம்ஆர்ஐயில் தெரியாமல் போகலாம், அந்த மிச்சமும் கசியலாம். டிஎஸ்ஏ என்ற ஆஞ்சியோகிராம்தான் கடைசி வார்த்தை. தொடை இடுக்கு அல்லது மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, மை ஏற்றிப் படம் எடுப்பார்கள். முன்னதாகக் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பார்கள். தொடை வழியாகச் செய்தால் பிறகு சில மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்குப் பிறகும் மிச்சம் இருந்தால் இரண்டாம் முறை கதிர் கொடுக்கலாம், இடத்தைப் பொறுத்து ஆபரேஷனும் செய்யலாம். அதுவரை வேறு இடத்தில் வேறு சிகிச்சை என்று ஓட வேண்டாம்.

மூடியபின் கசிவு அபாயம் வருஷத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்குகிறது. ஆனாலும் பல வருஷம் கழித்து அந்த இடத்தில் நீர்க்கட்டி உருவாவது சிலருக்கு உண்டு. அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ கேட்பார்கள். இந்தப் பழைய சிடிக்களையும் அப்போது கேட்பார்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.