எந்த மெழுகானாலும் திரியைக் கத்தரியுங்கள்

ராயபுரம் பனைமரத்தொட்டியில் 28 வருடமாக மெழுகுதிரி வார்க்கும் அக்கா, இந்த இதழில் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை, அவ்வளவுதான். சாயங்கால ஜெபத்துக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம். மீன் பொரித்த நாளில் வாசனை மெழுகுவர்த்தி ஒன்றும் எரியும். ஆறு வயது மகனுக்கு வீசிங் இருக்கிறது. சாதா மெழுகில் விஷப்புகை வரும், சோயா மெழுகோ தேன்மெழுகோ வாங்கு என்கிறார் என் நாத்தனார். கண்ணாடி டப்பாவில் வருவது 650 ரூபாய். வாங்கலாமா?
- வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: நான் வார்ப்பதில் முக்கால்வாசி பாரபின், அதாவது உங்கள் நாத்தனார் சொல்லும் அந்தச் சாதா மெழுகுதான் தங்கச்சி. மீதிதான் தேன்மெழுகு. இதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

பாரபின் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. நம் மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே பெட்ரோல், டீசலோடு அதையும் எடுக்கிறார்கள். சோயா மெழுகு என்பது சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கியது. வனஸ்பதி செய்வதும் இதே வழியில்தான். தேன்மெழுகு, தேனீ தன் வயிற்றடியிலிருந்து சுரந்து அடை கட்டுவது. மூன்றும் பிறந்த இடம் வேறு வேறு. ஆனால் திரி நுனியில் மூன்றுக்கும் நடப்பது ஒன்றுதான். மெழுகு உருகித் திரி வழியே ஏறுகிறது, சூட்டில் ஆவியாகிறது, அந்த ஆவிதான் எரிகிறது. சுடர் மஞ்சளாகத் தெரிவதே அதற்குள் கரித்துகள் சூடேறி ஒளிர்வதால்தான். சுடர் அசையாமல் நின்றால் அந்தக் கரி ஓரத்துக்கு வரும்போதே எரிந்துபோகும். காற்றில் ஆடினாலோ, திரி நீண்டு சுடர் பெரிதானாலோ எரியாமல் வெளியே வந்துவிடும். சுவரில் படிகிறதே கறுப்பு, அது இதுதான். தேன்மெழுகிலும் வரும், சோயாவிலும் வரும். கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். புகையே இல்லாத மெழுகுதிரி என்று ஒன்று கிடையாது.

நான் இதைக் கற்றுக்கொண்டது வர்தா புயலில். 2016 டிசம்பர் 12. எங்கள் தெருவுக்குக் கரன்ட் வர நாலு நாள் ஆனது. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலை அடைத்துவிட்டு, ஒரே அறையில் ஆறு மெழுகுதிரி வைத்திருந்தோம். இரண்டாம் நாள் காலை என் மாமியார் முகம் துடைத்த துண்டில் மூக்குப் பட்ட இடம் கறுப்பாக இருந்தது. அவருக்கு ஆஸ்துமா. அன்று ராத்திரி மூச்சு இழுத்து, முறிந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோய் நெபுலைசர் வைத்தோம். அந்த ஆறில் இரண்டு, நானே வார்த்த சுத்தமான தேன்மெழுகுத் திரிகள். நல்ல மெழுகு, பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும் என்று அவர் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை. அவரைப் படுத்தியது அடைத்த ஜன்னல், கத்தரிக்காத திரி, ஒரே அறையில் ஆறு சுடர்.

அதனால் உங்கள் வீட்டில் முதலில் நிறுத்த வேண்டியது வாசனை மெழுகுவர்த்தியை. பாரபினில் வாசனை சேர்த்தாலும் சோயாவில் சேர்த்தாலும் வீசிங் பிள்ளைக்கு அது ஆகாது. பூ, இலையிலிருந்து எடுத்த எண்ணெய்தான் என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். மூச்சுக்குழாய் ஏற்கெனவே புண்பட்டிருக்கிறது, அதற்கு மல்லிகை எது செயற்கை எது என்று தெரியாது. மீன் வாடைக்கு ஜன்னலைத் திறந்துவிட்டுப் பொரியுங்கள், சட்டியை ஆறியதும் கழுவிவிடுங்கள். அந்த 650 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து சமையலறைக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் மகனுக்கு வருடம் முழுக்க நல்லது.

ஜெபத்துக்கு வாசனையும் சாயமும் இல்லாத ஒல்லியான வெள்ளை மெழுகுதிரி போதும். ஏற்றுமுன் திரியைக் கால் அங்குலத்துக்குக் கத்தரியுங்கள். நகவெட்டியே போதும். ஃபேனுக்கு நேர்கீழே வேண்டாம், ஜன்னல் காற்று நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். ஜெபம் முடிந்ததும் ஊதாதீர்கள். ஊதினால் எழும்பும் வெள்ளைப் புகை முழுக்க எரியாத மெழுகு ஆவிதான். ஒரு குச்சியால் திரியை உருகிய மெழுகுக்குள் அமுக்கி நிமிர்த்திவிட்டால் புகையே எழாது, அடுத்த நாள் சட்டென்று பற்றவும் செய்யும். பையனுக்கு இளைப்பு இருக்கும் நாட்களில் ஏற்றவே வேண்டாம். பேட்டரி விளக்கு ஒன்றை வைத்து ஜெபம் பண்ணுங்கள், மாதா ஏற்றுக்கொள்வாள். அவனைப் பார்க்கும் டாக்டரிடம் மெழுகுதிரி, ஊதுபத்தி, சாம்பிராணி எது எது வீட்டில் எரிகிறது என்று ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு தேன்மெழுகு வாங்க ஆசை என்றால் தாராளமாக வாங்குங்கள். நிதானமாக எரியும், வாசனை சேர்க்காமலே லேசான தேன் மணம் வரும், தேனீ வளர்ப்பவர் கைக்கும் நாலு காசு போகும். உருக 62 டிகிரி சூடு வேண்டும் என்பதால் நம் ஊர் மே மாதத்திலும் வளையாது. டப்பா சோயா மெழுகு அப்படியில்லை. தகர ஷீட் போட்ட வீட்டில் மத்தியானம் குழைந்து வியர்த்து நிற்கும்.

கேள்வி: பிப்ரவரி 11 லூர்து மாதா திருவிழாவுக்குத் தேன்மெழுகுத் திரி ஏற்ற வேண்டும் என்று நேர்ந்திருக்கிறேன். கடையில் மஞ்சளாக இருப்பதெல்லாம் தேன்மெழுகு என்கிறார்கள். எப்படி நம்புவது? அது வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்தும் என்பதும் உண்மையா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: நானே ஏமாந்திருக்கிறேன் சார். புதிதாகத் தேன்மெழுகு வார்க்க ஆரம்பித்த வருடம், ஒரு வியாபாரியிடம் பத்துக் கிலோ கட்டி வாங்கினேன். நிறம் அருமை. உருக்கியதும் தேன் மணத்துக்குப் பதில் மண்ணெண்ணெய் சாடை அடித்தது. பாரபினில் மஞ்சள் சாயம்.

அப்புறம்தான் கையால் பார்க்கப் பழகினேன். சுண்டைக்காய் அளவு கிள்ளி விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். தேன்மெழுகு கைச்சூட்டில் மாவு மாதிரி பிசைய வரும், பாரபின் வழுவழுவென்று நழுவும். உடைத்துப் பார்த்தால் உடைந்த முகம் மினுமினுக்காமல் பொடிமணலாகத் தெரியும். சில வாரம் வைத்திருந்தால் மேலே திராட்சைப் பழத்தில் இருப்பதுபோல ஒரு வெள்ளைப் பூச்சு படரும். அதைப் பார்த்துப் பயந்து திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அது நல்ல அடையாளம், வெதுவெதுப்பான துணியால் துடைத்தால் போய்விடும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வெளுக்க வைத்த வெள்ளைத் தேன்மெழுகும் உண்டு, சாயம் போட்ட மஞ்சள் பாரபினும் உண்டு.

பாதிக்குப் பாதி கலந்திருந்தால் கையால் கண்டுபிடிப்பது கஷ்டம். அங்கே விலைதான் சாட்சி. நல்ல தேன்மெழுகு, நான் வாங்கும் பாரபினைப்போல நாலு மடங்குக்குக் குறையாது. சாதா மெழுகுதிரி விலைக்குக் கொடுத்தால் அது தேன்மெழுகு இல்லை. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடம் கட்டியாகவே வாங்கலாம், நான் இப்போது அப்படித்தான் வரவழைக்கிறேன். ஒட்டியிருக்கும் சீட்டில் ‘பிளெண்ட்’ என்று பொடி எழுத்தில் இருந்தால் எத்தனை பங்கு என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

காற்றைச் சுத்தப்படுத்தும், அயனி விடும் என்று சொல்லி விற்பதை மட்டும் நம்பாதீர்கள். எரிகிற பொருள் காற்றில் எதையாவது சேர்க்கும், எடுக்காது. நேர்ச்சைக்கு அந்தக் கதை தேவையும் இல்லை. பீடத்தில் தேன்மெழுகு ஏற்றுவது திருச்சபையின் பழைய வழக்கம். அந்தப் பக்தியோடு ஏற்றுங்கள்.

கேள்வி: கொசுவத்திச் சுருளுக்குப் பதில் சிட்ரோனெல்லா என்ற புல்லின் எண்ணெய் கலந்த மெழுகுவர்த்தி ஏற்றினால் போதுமா?
- வாசகி, எண்ணூர்

பதில்: சுருளை நிறுத்த நினைத்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. அதை மூடிய அறையில், தொட்டிலுக்குக் கீழே வைக்கும் வீடுகளை நான் இன்றும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது.

ஆனால் சிட்ரோனெல்லா மெழுகுவர்த்தி அதன் இடத்தை நிரப்பாது. டெங்கு கொசுவை வைத்து 2017-ல் சோதித்தபோது அதனால் பலனே தெரியவில்லை. என்னிடம் கேட்டு வருபவர்களுக்கும் நான் அதை வார்த்துக் கொடுப்பதில்லை. வலை கட்டுங்கள், ஜன்னலுக்கு நெட் அடியுங்கள், தண்ணீர் டிரம்மை மூடிவையுங்கள்.

கேள்வி: மெழுகுதிரித் திரியில் ஈயம் இருக்கும் என்கிறார்களே?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: திரி நிமிர்ந்து நிற்க நடுவில் உலோகக் கம்பி வைக்கும் வழக்கம் உண்டு. அதில் ஈயம் இருந்தால் எரியும்போது காற்றில் கலக்கும், குழந்தைகளின் மூளைக்குக் கெடுதல். அமெரிக்காவில் 2003-லேயே தடை செய்தார்கள். ஏற்றாத மெழுகுதிரியின் திரி நுனியைப் பிரித்துப் பாருங்கள். நூல் மட்டும் இருந்தால் கவலை இல்லை. கம்பி தெரிந்தால் வெள்ளைத் தாளில் தேயுங்கள். பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தால் தூக்கிப் போடுங்கள். நான் பருத்தி நூல் தவிர வேறு திரி வைப்பதில்லை.

கேள்வி: அக்கா, கல்லறைத் திருநாளுக்கு அம்மா கல்லறையில் ஏற்றிய மெழுகுதிரிகளின் மிச்சத்தை எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்றரைக் கிலோ இருக்கும். எறிய மனசில்லை. வீட்டிலேயே உருக்கிப் புதிதாக வார்க்க முடியுமா?
- வாசகர், காசிமேடு

பதில்: வார்க்கலாம் தம்பி. எறிய வேண்டாம்.

மெழுகைப் பாத்திரத்தில் போட்டு நேராக அடுப்பில் வைக்கவே கூடாது. அளவு மீறிச் சூடேறினால் குப்பென்று பற்றிக்கொள்ளும். பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கட்டும், அதற்குள் சின்னப் பாத்திரம் வைத்து மெழுகைப் போடுங்கள். தண்ணீர்ச் சூட்டுக்கு மேல் மெழுகு போகாது. தப்பித் தவறிப் பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் அப்படியே ஆவியாகிச் சீறும், எரிகிற மெழுகு கூரை வரைக்கும் தெறிக்கும். அடுப்பை அணைத்து, தட்டால் மூடிவிட வேண்டும். தட்டை முதலிலேயே கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

கல்லறையில் எரிந்த மெழுகில் மண்ணும் கரியும் ஒட்டியிருக்கும். அதோடு வார்த்தால் திரி அடைத்துக்கொண்டு புகையும். உருகியதும் பழைய திரிகளைப் பொறுக்கிவிட்டு, பழைய பனியன் துணியில் வடிகட்டுங்கள். பல கடை மெழுகு கலந்திருப்பதால் நிறம் கொஞ்சம் மங்கலாக வரும், பரவாயில்லை. புதுப் பருத்தித் திரியை முதலில் உருகிய மெழுகில் முக்கிக் காயவைத்து, பிறகு அச்சின் நடுவே கட்டி மெழுகை ஊற்றுங்கள். ஆறும்போது திரியைச் சுற்றி ஒரு குழி விழும், மிச்ச மெழுகை அதில் இரண்டாம் தரம் ஊற்றுங்கள். ஒரு ராத்திரி அசைக்காமல் விட்டுக் காலையில் எடுங்கள்.

வீட்டில் தினமும் ஏற்ற வேண்டாம். எடுத்து வைத்து, வருகிற நவம்பர் 2 அன்று அம்மாவுக்கே கொண்டுபோங்கள். அங்கே கடல்காற்று பலமாக அடிக்கும், இரண்டு பக்கமும் திறந்த அரிக்கேன் கண்ணாடி ஒன்றும் எடுத்துப் போங்கள். அடியில் இரண்டு சின்னக் கல் வைத்து அதன்மேல் நிறுத்துங்கள், கீழிருந்து காற்று போனால்தான் கண்ணாடி கறுக்காது.