பகா எண் தேடலுக்கான சல்லடை நிரலை எப்படி வேகப்படுத்துவது, எதுவரை சலிப்பது?

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டே, க × 2^ந + 1 என்ற வடிவ எண்களில் பகா எண்களைத் தேடச் சல்லடை நிரல் ஒன்றை, அதாவது சிறிய பகா எண்களால் வகுபடுபவற்றை முன்கூட்டியே நீக்கும் நிரலை, எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். பெருக்கி க-வை நிலையாக வைத்து, அடுக்கு ந-வை 100,000 முதல் 1 மில்லியன் வரை எடுத்திருக்கிறீர்கள். நிரல் மிகவும் மெதுவாக ஓடுகிறது என்பதும், எப்போது சலிப்பதை நிறுத்திவிட்டு உண்மையான பகாத்தன்மைச் சோதனைக்குப் போவது என்பதும் உங்கள் கேள்விகள். ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு இதே வடிவ எண்களைச் சில ஆண்டுகளாகச் சலித்துவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் மாற்ற வேண்டியது வழிமுறை. இப்போது உங்கள் நிரல், வகுத்துப் பார்க்கும் ஒவ்வொரு பகா எண் ப-வுக்கும் 900,000 அடுக்குகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. உண்மையில் நீங்கள் கேட்பது, 2-இன் எந்த அடுக்கை ப-ஆல் வகுத்தால் குறிப்பிட்ட ஒரு மீதி கிடைக்கும் என்பதைத்தான். இது தனித்த மடக்கைக் கணக்கு. இதற்கு டேனியல் ஷாங்க்ஸ் தந்த சிற்றடி, பேரடி முறை பொருந்தும். 2-இன் முதல் 950 அடுக்குகளின் மீதிகளை ஹேஷ் அட்டவணையில் (ஒரு மதிப்பு உள்ளதா என்று உடனே தேடிச் சொல்லும் அட்டவணை) வைத்துக்கொண்டு, பிறகு 950 அடுக்குகள் தாண்டித் தாண்டி அதிகபட்சம் 950 முறை அந்த அட்டவணையில் தேடினால் முழு வீச்சும் முடிந்துவிடும். 900,000 பெருக்கல்கள் ஏறத்தாழ 1,900 ஆகச் சுருங்குகின்றன. செலவு வீச்சின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே வளர்வதால், வீச்சை இரு மடங்காக்கினால் நேரம் 1.41 மடங்குதான் கூடும். ஆகவே அடுக்குகளைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சலிக்க வேண்டாம், முழுவதையும் ஒன்றாகச் சலியுங்கள். பல பெருக்கிகளை ஒன்றாக எடுத்தால் லாபம் இன்னும் கூடும், ஏனெனில் சிற்றடி அட்டவணை க-வைச் சார்ந்ததன்று. 16 பெருக்கிகளுக்கு ஒரே அட்டவணையைப் பொதுவாக வைத்து, அதன் அளவை 4 மடங்காக்கினால், தனித்தனியாகச் சலிப்பதைவிட மொத்த வேலை நான்கில் ஒரு பங்காகும்.

அடுத்து, தேடலைத் தொடங்கும் முன்பே வேலையில் ஒரு பகுதியைத் தள்ளிவிடலாம். ப ஓர் இரட்டைப்படை அடுக்கில் வகுக்க வேண்டுமானால், ப-ஐப் பொறுத்து −க ஒரு வர்க்க மீதியாக, அதாவது ஏதோ ஒரு வர்க்க எண்ணை ப-ஆல் வகுத்தால் வரும் அதே மீதியைத் தருவதாக, இருக்க வேண்டும். ஒற்றைப்படை அடுக்கில் வகுக்க வேண்டுமானால் −2க வர்க்க மீதியாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்தப் பகா எண்ணை அப்படியே விட்டுவிடலாம். ஏறத்தாழ நான்கில் ஒரு பகா எண் இவ்வாறு கழியும். சிறிய பெருக்கிகளுக்கு இதைக் கணக்கிடவே தேவையில்லை. ப-ஐ 8க-ஆல் வகுத்த மீதியே விடையைத் தீர்மானித்துவிடுவதால், ஒரு சிறு அட்டவணையே போதும்.

இவற்றுக்குப் பிறகுதான் கணினி சார்ந்த மெருகூட்டல். மீதி காணும் வகுத்தல் கட்டளை செயலிக்குச் சுமையானது. பீட்டர் மான்ட்கோமரி 1985-இல் வெளியிட்ட பெருக்கல் முறை அதைப் பெருக்கலாலும் கூட்டலாலும் மாற்றீடு செய்கிறது. ஹேஷ் அட்டவணை முழுவதும் எல்1 கேஷ் எனப்படும், செயலிக்குள்ளேயே இருக்கும் மிக வேகமான சிறு நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். பல செயலிகளில் அது 32 கிலோபைட் என்பதால், 950 பதிவுகள் எளிதில் அடங்கும். பகா எண்களை உருவாக்கும் எரடோஸ்தனீஸ் சல்லடையைச் செதுக்குவதில் பலர் வாரக்கணக்கில் செலவிடுகிறார்கள். உங்கள் அமைப்பில் ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஏறத்தாழ ஆயிரக்கணக்கான பெருக்கல்கள் காத்திருக்கும்போது, அதில் மிச்சமாகும் நேரம் கண்ணுக்கே தெரியாது. துண்டு துண்டாகச் சலிக்கும் எளிய வடிவமே போதும்.

எதுவரை சலிப்பது என்பதற்கு ஒரே அளவுகோல்தான்: சல்லடை ஓர் எண்ணை நீக்க எடுத்துக்கொள்ளும் சராசரி நேரம், அந்த எண்ணை நேரடியாகச் சோதிக்க ஆகும் நேரத்தை எட்டும்வரை. சலிக்கப் பயன்படுத்தும் மிகப் பெரிய ப-வைச் சல்லடையின் ஆழம் என்போம். பகா எண்களின் பரவலைப் பற்றிய மெர்ட்டென்ஸ் தேற்றத்தின்படி, ஓர் ஆழத்திலிருந்து இன்னோர் ஆழத்துக்குச் சலித்தால் எஞ்சுபவை அவ்விரு ஆழங்களின் மடக்கைகளின் விகிதத்தில் இருக்கும். எடுத்துக்காட்டாக, 10¹²-இலிருந்து அதன் இரு மடங்குக்குச் சென்றால் ஏறத்தாழ 2.4 விழுக்காடு நீங்கும். கையில் 30,000 எண்கள் இருந்தால் சுமார் 730. அதற்கு 20 மணி நேரம் ஆகுமானால் ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ 98 விநாடிகள். சோதனைக்கு 300 விநாடிகள் ஆகுமென்றால் தொடருங்கள், 60 விநாடிகள்தான் என்றால் நிறுத்துங்கள். அடுக்கு இரட்டிப்பானால் சோதனை நேரம் நான்கு மடங்குக்கும் மேலாகக் கூடுவதால், சிறிய அடுக்குகளை முதலில் பிரித்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, பெரியவற்றைத் தொடர்ந்து சலிப்பது நல்லது. சலிக்கும் நேரம், சோதனை நேரம் இரண்டையும் செயலியின் எல்லாக் கருக்களும் ஓடும் நிலையில் அளந்துகொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் குளிரூட்டி இல்லாத அறையில் செயலி சூடேறித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், பிற்பகலில் ஒன்றையும் நள்ளிரவில் மற்றொன்றையும் அளந்து ஒப்பிட்டால் கணக்கு தவறும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப்படுவது சரித்தன்மை. சல்லடை ஒரு வகுஎண்ணைத் தவறவிட்டால் ஒரு சோதனை வீணாகும், அவ்வளவுதான். பொய்யான வகுஎண்ணைக் கண்டதாகச் சொன்னால், ஒரு பகா எண் யாருக்கும் தெரியாமல் பட்டியலிலிருந்து போய்விடக்கூடும். என் முதல் நிரலில் இரு மீதிகளின் பெருக்கற்பலனை 64 பிட் மாறியில் வைத்திருந்தேன். ப 4,294,967,296-ஐத் தாண்டியதும் பெருக்கற்பலன் அதில் அடங்காமல் வழிந்தது. வழிந்த பின் கிடைத்த தவறான மீதிகளும் உண்மையான மீதிகளைப் போலவே சிதறிக் கிடந்ததால், நீக்கப்பட்டவற்றின் எண்ணிக்கை மெர்ட்டென்ஸ் கணிப்போடு ஒத்துப்போயிற்று. எனக்கு ஐயமே எழவில்லை. 10¹² வரை சலித்து முடித்த பிறகு, ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு பகா எண் பட்டியலில் இல்லாததைக் கண்டேன். அதற்குள் அந்த எல்லைக்கு அப்பால் நீக்கப்பட்டிருந்தவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அத்தனையையும் மீண்டும் சேர்த்துப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து, கிடைக்கும் ஒவ்வொரு வகுஎண்ணையும் 128 பிட் பெருக்கலும் சாதாரண வகுத்தலும் கொண்ட தனிச் செயற்கூறால் மறுபடி சரிபார்த்த பின்னரே எண்ணை நீக்குகிறேன். வகுஎண்கள் அரிதாகவே கிடைப்பதால் இதற்கு நேரச் செலவு இல்லை என்றே சொல்லலாம். நீங்களும் முதலில் க = 3 என வைத்து, ந-வை 1 முதல் 500 வரை ஓட்டிப் பாருங்கள். 1, 2, 5, 6, 8, 12, 18, 30, 36, 41, 66, 189, 201, 209, 276, 353, 408, 438 ஆகிய, பகா எண் தரும் 18 அடுக்குகளும் எஞ்ச வேண்டும். ஆழம் 3,221,225,473-ஐத் தாண்டும்போது 30 என்ற அடுக்கு காணாமற்போனால் வியப்படைய வேண்டாம். அந்த எண்தான் 3 × 2³⁰ + 1. அது தன்னைத் தானே வகுத்துக்கொண்டிருக்கிறது. வகுஎண்ணும் சோதிக்கப்படும் எண்ணும் ஒன்றாக இருந்தால் நீக்கக் கூடாது என்ற நிபந்தனையை அந்த இடத்தில் சேர்த்துவிடுங்கள்.