ஹப்பிள் வண்ணக்கலவையில் நட்சத்திரங்கள் கத்தரிப்பூ நிறமாவது

உங்கள் ரோசெட் நெபுலா (விண்வெளி வாயு மேகம்) படத்தில் நட்சத்திரங்கள் கத்தரிப்பூ நிறமானதற்கு ஃபில்டர் காரணமில்லை, புதிதாக வாங்கிவிடாதீர்கள். மூன்று ஃபில்டர் படங்களையும் இணைத்த படத்தை இன்வெர்ட் செய்து (நிறங்களை எதிர்மறையாக்கி), பச்சையைக் குறைத்து, மறுபடி இன்வெர்ட் செய்யுங்கள். சரியாகிவிடும்.

இந்தக் கலவையில் கந்தகத்தின் ஒளி சிவப்பு, ஹைட்ரஜன் ஆல்பா (ஹைட்ரஜனின் ஒளி) பச்சை, ஆக்சிஜனின் ஒளி நீலம். ஹைட்ரஜன் ஆல்பா பலமானது, அதைக் கொஞ்சம்தான் ஸ்ட்ரெட்ச் செய்திருப்பீர்கள், அதாவது இழுத்துப் பிரகாசமாக்கியிருப்பீர்கள். கந்தகமும் ஆக்சிஜனும் மங்கல். அவற்றை இழுத்த இழுப்பில் நட்சத்திரங்களும் ஊதியிருக்கும். சிவப்பும் நீலமும் பச்சையை மிஞ்சினால் இந்த நிறம்தான்.

சந்தேகமா? மூன்று சேனல்களிலும் ஒரே நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆல்பாவில் சின்னதாக இருந்தால் இதுதான் கோளாறு.

ஆனால் நெபுலாவின் ஊதாச் சாயலும் கூடவே போகும், அதனால் மாற்றம் நட்சத்திரங்களில் மட்டும் விழும்படி நட்சத்திர மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். நான் இப்போதெல்லாம் ஸ்டார்நெட் என்ற மென்பொருளில் நட்சத்திரங்களை நீக்கிவிட்டு, ஆர்ஜிபியில் (சாதாரண சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களில்) தனியாக எடுத்த நட்சத்திரங்களைச் சேர்க்கிறேன், சோம்பல் இல்லாத இரவுகளில்.