வண்டியைத் தின்னும் உப்பு: பட்டறையிலிருந்து சில பதில்கள்

திசையன்விளைப் பக்கம் 25 வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கூடுதாழை முதல் கூட்டப்புளி வரை கரையில் ஓடும் வண்டிகளில் ஏதாவது ஒன்று என் வாசலில் நிற்காத நாள் கிடையாது. வாகனத் துரு பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, கேட்டவர்களின் பெயரை விட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

உவரி: அண்ணாச்சி, வள்ளம் ஏற்றி இறக்க டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் வண்டியைச் சதுரக் குழாயில் செய்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிக்கிறேன். மூன்றாம் வருடமே நடுவில் முறிந்துவிட்டது. பெயிண்ட் மட்டமா, இரும்பு மட்டமா?

இரண்டையும் குறை சொல்ல முடியாது, தம்பி. நீங்கள் வெளியே பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தீர்கள். வண்டி உள்ளேயிருந்து போய்க்கொண்டிருந்தது. இதே மாதிரி முறிந்து வந்த ஒரு குழாயைப் போன மாதம் அறுத்தேன். கட்டர் இறங்கியதும் ஒரு படி ஈர மணல் கொட்டியது. அதன் பின்னால், கருப்பட்டியைச் சீவிப் போட்டதுபோல் அடுக்கடுக்காகத் துருச் செதில். தகட்டில் ஆணியை வைத்துக் கையால் அழுத்தினேன், இறங்கிவிட்டது. வெளியே நீலப் பெயிண்ட் மட்டும் நேற்று அடித்தது மாதிரி இருந்தது.

முனையை அடைத்துவிட்டோமே, தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். வெல்டிங்கில் ஊசித் துளை ஒன்று இருந்தால் போதும். வெயிலில் காய்ந்து சூடான குழாயைக் கடலில் இறக்கும்போது உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்த இடத்துக்குக் கடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். போன தண்ணீர் வெளியே வர வழியில்லை.

தண்ணீர் வற்றினாலும் உப்பு அங்கேயே கிடக்கும். கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீர்க்கும். கடல் உப்போடு வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் எந்த இரவு அதற்குக் கீழே இறங்குகிறது? மழையே இல்லாத சித்திரையிலும் உங்கள் வண்டி விடியவிடிய நனைந்துகொண்டுதான் நிற்கிறது.

அடுத்த வண்டியை, ஒரு பக்கம் திறந்திருக்கும் சேனல் இரும்பில் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தைக் கழுவலாம், சுரண்டலாம். குழாய்தான் வேண்டும் என்றால் இரண்டு முனையையும் திறந்துவிட்டு, அடியில் வடிகால் துளை போட்டு, கடலிலிருந்து ஏறியதும் உள்ளே ஹோஸ் விட்டு அடியுங்கள். அரைகுறையாக அடைத்த குழாய்தான் எல்லாவற்றிலும் மோசம்.

பெருமணல்: கால்வனைஸ் செய்தால் துருவே பிடிக்காது என்கிறார்கள். செலவுக்குத் தகுமா?

தகும். ஆனால் எந்தக் கால்வனைஸ் என்று பாருங்கள். சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது ஒன்று. கனமான இரும்பில் அது 85 மைக்ரான் அளவுக்கு ஏறும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கடையில் பளபளக்கும் நட்டு போல்ட்டில் இருப்பது மின்முலாம். பெரும்பாலும் பத்து மைக்ரான் பக்கம்தான் இருக்கும். நம் கரையில் ஓர் ஆடி தாங்காது. துத்தநாகத்தின் குணம் என்னவென்றால், கீறல் விழுந்தாலும் தான் கரைந்து பக்கத்து இரும்பைக் காப்பாற்றும். தீர்ந்துபோனால் கதை முடிந்தது. அதனால் "பிடிக்கவே பிடிக்காது" என்பதை நம்பாதீர்கள்.

வெல்டிங், துளை எல்லாம் முடித்த பிறகே தொட்டிக்கு அனுப்ப வேண்டும். அடைத்த குழாயை அப்படியே அனுப்பினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். காற்றுத் துளை கட்டாயம். ஏற்கெனவே தொட்டியில் முக்கி எடுத்த இரும்பில் பிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துவிடும், புகையைச் சுவாசித்தவனுக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை. நானும் நிறையக் குடித்திருக்கிறேன். பால் நன்றாக இருந்தது, காய்ச்சலும் வந்தது. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், முகமூடி போட்டுச் செய்யுங்கள்.

இடிந்தகரை: சக்கர பேரிங் இரண்டு மாதத்துக்கு ஒன்று போகிறது. மாற்றி மாற்றிக் கை ஓய்ந்துவிட்டது.

குழாய்க்குச் சொன்ன அதே கதைதான். ரோட்டில் ஓடிவந்த வண்டியில், பேரிங் உட்காரும் சக்கர நடுப்பகுதியான ஹப் சூடாக இருக்கும். உடனே தண்ணீரில் இறக்கினால், பேரிங்கை மூடியிருக்கும் ரப்பர் வளையமான சீல் வழியாகக் கடலை உறிஞ்சும். ஒரு டீ குடிக்கும் நேரம் நிறுத்தி, ஹப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

கரையிலேயே ஓடும் வண்டி என்றால் சூடு காரணமாக இருக்காது. மணல் சீலின் உதட்டை அறுத்திருக்கும். பேரிங்கை மட்டும் மாற்றிப் பழைய சீலையே திரும்பத் தட்டிவைக்கிறவர்கள்தான் அதிகம். சீல் விலை குறைவு, அதையும் மாற்றுங்கள். கிரீஸைத் தொட்டுப் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. தண்ணீரைத் தாங்கும் கிரீஸ் என்று கேட்டு வாங்கி, பழையதை மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவித் துடைத்த பிறகு நிரப்புங்கள். இரண்டு வகை கிரீஸைக் கலந்தால் சில நேரம் இளகி ஓடிவிடும்.

கூத்தன்குழி: மீன் ஏற்றும் குட்டி யானை வைத்திருக்கிறேன். நான் கடலில் இறக்குவதே இல்லை. அப்படியும் பின் தளம் ஓட்டையாகிவிட்டது, அண்ணாச்சி.

கடலுக்கு நீங்கள் போகவில்லை. கடல் உங்கள் வண்டியில் ஏறிப் போகிறது. மீன் பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீரில் உப்பும் இருக்கிறது, மீனின் ரத்தமும் இருக்கிறது. தளத்தில் விழுந்து, தகட்டின் இணைப்பில் இறங்கி, கீழே வண்டியின் அடிச்சட்டமான சேஸில் போய் உட்காரும். வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். டிரைவர் பக்கம் நன்றாக இருக்கும், பின் சக்கரத்துக்கு மேலே பட்டை பட்டையாக உரியும்.

தளத்தில் ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் முதலில் அதைத் தூக்கி எறியுங்கள். காப்பாற்றுகிறது என்று நினைப்போம். அடியில் ஈரத்தைப் பூட்டி வைப்பதே அதுதான். விளிம்பு மடக்கிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றைப் பொருத்தி, மூலையில் துளையிட்டு, ஹோஸ் மாட்டி, சேஸைத் தாண்டித் தரையில் விழும்படி விடுங்கள். சந்தையில் சரக்கு இறக்கியதும் அங்கேயே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். சாயங்காலம் பார்க்கலாம் என்றால் அதற்குள் காய்ந்து ஒட்டிவிடும்.

குட்டம்: எங்கள் போர்வெல் தண்ணீரே உப்பு. இதில் கழுவினால் என்ன, கழுவாவிட்டால் என்ன?

நல்ல கேள்வி, பலரும் இதைச் சொல்லித்தான் கழுவாமல் விடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35,000 மில்லிகிராம் உப்பு. வாயில் வைக்க முடியாத போர்த் தண்ணீரில் 3,000 என்றே வையுங்கள், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. முதல் கழுவலைப் போர்த் தண்ணீரிலேயே தாராளமாக அடியுங்கள், சேறும் மணலும் பெருவாரி உப்பும் போய்விடும். கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர்க் குழாய்த் தண்ணீர் இரண்டு வாளி போதும். வேகத்தைவிட அளவு முக்கியம். பிரஷர் துப்பாக்கியைப் பேரிங் சீலுக்கு நேராகப் பிடித்தால் உப்பை உள்ளே தள்ளுவீர்கள்.

ராதாபுரம்: சேஸுக்குக் கழிவு ஆயில் அடிக்கலாமா? எங்கள் அப்பா காலத்திலிருந்து அடிக்கிறோம்.

என் அப்பாவும் அடித்தார். அடித்த முதல் வாரம் தண்ணீர் ஒட்டாது, உண்மை. பிறகு மணல் ஒட்டும், மணலோடு உப்பு ஒட்டும். ரப்பர் புஷ் ஊதிப் பிளக்கும். பிரேக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. சொட்டுகிற ஆயில் கரையில் இறங்கும், அங்கேதான் நாம் வலை காய வைக்கிறோம். மெழுகு கலந்த அடிப்பூச்சு கடையில் கிடைக்கிறது. கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகு அடியுங்கள்.

வள்ளியூர்: துருவின் மேலேயே பூசலாம், துரு கறுப்பாக மாறிப் பூச்சாகிவிடும் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். ஏமாற்றா?

ஏமாற்று அல்ல. டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கறுப்பான உறுதிப்படலமாகும். பாஸ்பாரிக் அமிலம் இரும்பு பாஸ்பேட்டாக்கும். மெல்லிய துருவுக்கு நன்றாக வேலை செய்யும். செதில் எழும்பிய துருவின் மேல் பூசினால் மேல்தோல் மட்டும் மாறும். எல்லாவற்றையும்விட, அடியில் உப்பு இருந்தால் எந்தப் பூச்சும் நிற்காது; உப்பு ஈரத்தை இழுத்துப் பெயிண்டைக் கொப்புளமாக எழுப்பும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன் என்பார்கள். பெயரில்தான் உப்பு இருக்கிறது, அது உப்பை எடுக்காது. குழிகளுக்குள் தேய்த்து அடைத்துவிடும். முதலில் சுத்தியலால் தட்டிச் செதிலை உதிர்த்து, கம்பி பிரஷ் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி பிரஷ், மறுபடி கழுவல். போய்விட்டதா என்று பார்க்க, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் பஞ்சை நனைத்து இரும்பைத் துடைத்துப் பிழியுங்கள். அதில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால், உப்பு இருந்தால் பால்போல வெளுக்கும். சில்வர் நைட்ரேட் பட்டால் விரல் கறுக்கும், கையுறை போடுங்கள். எனக்கு இதைக் காட்டித் தந்தவர் ஒரு வேதியியல் வாத்தியார், தன் ஸ்கூட்டருக்கு வெல்டிங் வைக்க வந்தவர்.

பெரியதாழை: கடற்கரை மணலையே எடுத்து, காற்றழுத்தத்தில் வீசி அடிக்கும் மணல் வீச்சு செய்து துருவை எடுக்கலாமா?

கூடாது. உப்பு மணலால் அடித்து உப்பை எடுக்க முடியாது. அந்தத் தூசி நுரையீரலையும் கெடுக்கும். மணல் அள்ளுவது சட்டப்படி குற்றமும்கூட.

கூட்டப்புளி: வள்ளத்தின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில் துத்தநாகக் கட்டி ஒன்று இருக்கிறது. அது அரித்துக்கொண்டே போகிறது. பெயிண்ட் அடித்துவிட்டேன், சரிதானே?

ஐயோ, தம்பி, இன்றைக்கே சுரண்டி எடுத்துவிடுங்கள். அது அரிக்கப்படுவதற்காகவே வைத்த கட்டி. எஞ்சினின் அலுமினிய உடலுக்குப் பதிலாகத் தான் கரைகிறது. பெயிண்ட் அடித்தால் கடல் உடலைத் தின்ன ஆரம்பிக்கும். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். கட்டி அப்படியே புதுசாக இருக்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், போல்ட் இணைப்பில் துரு ஏறித் தொடர்பு விட்டுப்போயிருக்கும்.

இந்த யோசனை 200 வயது தாண்டியது. கப்பலின் அடிப்பாகச் செம்புத் தகட்டைக் காக்கத் துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்து வைக்கலாம் என்று 1824-இல் இங்கிலாந்து வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி சொன்னார். செம்பு காப்பாற்றப்பட்டது. ஆனால் செம்பு கரையாததால், அதன் நஞ்சு இல்லாமல் போய், சிப்பியும் பாசியும் தாராளமாக ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைத்துவிட்டன. கடலில் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும்.

திருநெல்வேலி ஜங்ஷன்: கடலோரத்தில் இரும்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதே வீண் என்று தோன்றுகிறது.

பாம்பன் ரயில் பாலத்தைப் பாருங்கள். 1914-இல் திறந்தது, 2022 டிசம்பர் வரை ரயில் போனது. நூற்றெட்டு வருடம், கடலுக்கு நடுவே, எஃகுதான். யாரோ ஒருவர் பிரஷும் வாளியுமாக அதில் தொங்கிக்கொண்டே இருந்ததால் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குக் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, வெளியே பாலிசிலாக்சேன் என்ற துருத் தடுப்புப் பூச்சு.

பாளையங்கோட்டை: குடும்பத்தோடு மணப்பாடு போனோம், கார் மணலில் இறங்கிவிட்டது. கெட்டுப்போகுமா?

போகாது. ஊர் திரும்பியதும் அடியில் நன்றாகத் தண்ணீர் அடியுங்கள். அவ்வளவுதான்.

பணகுடி: கரையோர ஊரில் ஓடிய பழைய லோடு வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. புதுப் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். எப்படிப் பார்ப்பது?

புதுப் பெயிண்ட் என்றதுமே எனக்கு உறுத்துகிறது. காலை வெளிச்சத்தில் போங்கள். ஒரு சிறிய சுத்தியலும் டார்ச்சும் சாக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, சேஸை முன்னிருந்து பின் வரை ஒரு சாண் இடைவெளியில் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணிபோல "டிங்" என்று திரும்பச் சொல்லும். பின் ஸ்பிரிங் பிளேட்டு மாட்டியிருக்கும் கொண்டிப் பக்கமும், தளம் சேஸில் உட்காரும் இடமும் இரண்டு தடவை தட்ட வேண்டியவை. "டொக்" என்று கேட்டால், அல்லது பெயிண்டோடு சேர்ந்து ஒரு செதில் உங்கள் நெஞ்சில் விழுந்தால், எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, டீக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தட்டவே கூடாது என்று உரிமையாளர் சொன்னால் படுக்கவே வேண்டாம்.