ஒரு பக்கத்துக்கு இரண்டு பிஸ்டன் எதற்கு?

வாசகர் கேள்விகள்: நீலகிரி மலை ரயில்

கேள்வி: மேட்டுப்பாளையம் நீராவி இன்ஜினில் ஒரு பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர்கள், ஒன்றன் மேல் ஒன்றாக உள்ளன. கல்லாறு வரை கீழ் பிஸ்டன் மட்டும்தான் ஓடுகிறது. மேலே உள்ளது எதற்கு? (வாசகர், காரமடை)

பதில்: கீழ் பிஸ்டன் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. மேலுள்ளது இன்ஜினின் அடியில் இருக்கும் பல்சக்கரத்துக்கானது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் 12 அடிக்கு ஒரு அடி வரை போகும். அந்தச் சரிவில் ஒவ்வொரு டன் எடையும் 83 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கும். வழுவழுப்பான இரும்புச் சக்கரம் மழை நாளில் அதைத் தாங்காது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல்சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும். ஆகவே பல்சக்கரத்தின் பிடி ஒரு கணமும் விடுபடாது. இது சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வகுத்த முறை.

சமதளத்தில் கொதிகலனின் நீராவி கீழ் சிலிண்டரில் வேலை செய்துவிட்டுப் புகைபோக்கி வழியே போய்விடும். பல்சட்டப் பாதையில் அதே நீராவியை மேல் சிலிண்டருக்குத் திருப்பிவிடுகிறார்கள். ஒருமுறை உழைத்த நீராவி விரிந்திருக்கும், அதற்கு இடம் அதிகம் வேண்டும். சாதாரணமாக இரண்டாவது சிலிண்டரைப் பெரிதாகச் செய்வார்கள். இங்கே பல்லிணைப்பு (கியர்) வைத்து மேல் பிஸ்டனைக் கீழுள்ளதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓட விட்டிருக்கிறார்கள். பல்சட்டப் பாதையில் உள்ள ஹில்குரோவ் நிலையத்தின் பக்கம் நின்று பார்த்தால் கீழ்க் கம்பி நிதானமாக வந்து போகும், மேல் கம்பி படபடவென்று அடித்துக்கொள்ளும்.

ஒரே பிஸ்டன் சக்கரம், பல்சக்கரம் இரண்டையும் சுழற்றக் கூடாதா என்றால், கூடாது. ஓட ஓடச் சக்கரம் தேய்ந்து விட்டம் குறையும். பல்சக்கரத்துக்கு அந்த மாற்றம் கிடையாது. இரண்டையும் பூட்டிவிட்டால் ஒன்றையொன்று இழுத்துக் கிழிக்கும். தனித்தனியாக இருப்பதில் இன்னொரு லாபம்: கீழ்ச் சக்கரம் வழுக்கிச் சுழன்றால் மேல் சிலிண்டருக்கு நீராவி கூடுதலாகப் போய்ச் சேரும். பல்சக்கரத்தின் தள்ளல் கூடும், கீழே எதிர் அழுத்தம் ஏறி வழுக்கல் தானாக அடங்கும். அருமையான வடிவமைப்பு இது.

கேள்வி: இன்ஜின் ஏன் முன்னால் நின்று இழுக்காமல் பின்னால் நின்று தள்ளுகிறது? (வாசகர், ஈரோடு)

பதில்: பெட்டிகளை இணைக்கும் கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் இன்ஜின் மேல் சாய்ந்து நிற்கும், பள்ளத்துக்கு ஓடாது. இறங்கும்போதும் இன்ஜின் கீழ்ப்பக்கம்தான். மேலே ஏறும்போது டிரைவருக்கு முன்பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண், பச்சை, சிவப்புக் கொடி காட்டுவார். பெட்டிக்கு இரண்டு கைபிரேக்: ஒன்று சக்கரத்துக்கு, ஒன்று பல்சக்கரத்துக்கு. இறக்கத்தில் இன்ஜினின் சிலிண்டர்களே காற்றை அழுத்தும் பம்பாக மாறி வேகத்தைப் பிடித்துவைக்கும். பல்சட்டப் பாதையில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான்.

கல்லாறில் பல்சட்டத்தின் தொடக்கத் துண்டு ஸ்பிரிங் மேல் அமர்ந்திருக்கிறது. பல்லும் பல்லும் நேருக்கு நேர் மோதினால் அந்தத் துண்டு அமுங்கிக் கொடுக்கும், அடுத்த பல் சரியாக விழும். அவசரமாக நுழைந்தால் பல் ஏறிக்கொள்ளும். அங்கே ரயில் ஊர்வது அதனால்தான்.

கேள்வி: இந்தப் பாதையை யார் போட்டார்கள்? இப்போதுள்ள இன்ஜின்கள் எப்போதையவை? (வாசகர், திருப்பூர்)

பதில்: 1891-ல் வேலையைத் தொடங்கிய முதல் கம்பெனி 1894-ல் நொடித்துப்போனது. அடுத்து வந்த கம்பெனி 1899-ல் குன்னூர் வரை முடித்தது. ஊட்டிக்கு ரயில் போய்ச் சேர்ந்தது 1908-ல். ‘எக்ஸ்’ வகை இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்தவை: 1914 முதல் 1925 வரை 12, 1952-ல் 5. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையே அதே வடிவில் புதியவற்றைக் கட்டியது. குன்னூருக்கு மேல் பல்சட்டம் இல்லை, ஏற்றமும் குறைவு. அதனால் அங்கே டீசல் இன்ஜினே இழுக்கிறது.