வாசகர் கேள்வி – பதில்: பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது?

கேள்வி: 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் 120 பிள்ளைகளுக்கு இணையவழியில் கணிதம் நடத்துகிறேன். மூடுல் மென்பொருளில் காணொளிகளையும் தேர்வுகளையும் ஒரே வரிசையில் ஏற்றியிருக்கிறேன். நன்றாகப் படிப்பவர்கள் சலித்துப்போகிறார்கள். பின்தங்கியவர்கள் மூன்றாவது வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பாதை வேண்டுமென்றால் 120 பாடத்திட்டங்களா எழுதுவது?
– கணித ஆசிரியை, ஈரோடு

பதில்: வேண்டாம்; பாடத்திட்டம் ஒன்றே போதும். யார் எந்த இடத்தில் நுழைவது, எந்த இடத்தில் கிளை பிரிவது என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் நடந்த காலத்தில் வகுப்பறையில் இருந்த கற்றல் ஏணியை நினைத்துப் பாருங்கள். ஏணி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு குழந்தையும் தான் நிற்கும் படிக்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு படித்தது. இணையவழி வகுப்பில் அந்தப் படியைக் கண்டுபிடிக்கும் வேலையைத் தொடக்கத் தேர்வு செய்ய வேண்டும்.

அந்தத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணை வைத்துப் பாதையைப் பிரிப்பதுதான் நான் மிக அதிகமாகக் காணும் தவறு. தசமப் பின்னத்தை எடுத்துக்கொள்வோம். 0.35, 0.8 இவற்றுள் எது பெரியது என்று கேட்டால், 35 என்பது 8ஐவிடப் பெரியது என்பதால் 0.35 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். இன்னொரு வகைப் பிள்ளை, நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது என்று கற்றதைத் தவறாக நீட்டி, தசமப் புள்ளிக்குப் பின் இலக்கம் கூடினால் எண் சிறியது என்று முடிவு கட்டிவிடுகிறது. அந்தப் பிள்ளை 0.8 என்று சரியாகவே விடை எழுதும், ஆனால் 0.45, 0.3 என்று கொடுத்தால் 0.3தான் பெரியது என்று சொல்லும். இந்த இரண்டு வகைக் கேள்விகளிலும் ஐந்தைந்து வைத்துப் பத்து மதிப்பெண் தேர்வு நடத்தினால் இருவருமே ஐந்து வாங்குவார்கள். இருவரையும் ஒரே மறுபயிற்சிக் காணொளிக்கு அனுப்பினால், அது யாருக்காக எடுக்கப்பட்டதோ அவருக்கு மட்டும் பயன்படும். முதல் பிள்ளைக்கு வேண்டியது நூறு கட்டங்கள் கொண்ட சதுரம்: 0.8க்கு எண்பது கட்டங்களுக்கும் 0.35க்கு முப்பத்தைந்து கட்டங்களுக்கும் அது தன் கையாலேயே வண்ணம் தீட்ட வேண்டும். இரண்டாம் பிள்ளையிடம் இடமதிப்பு அட்டவணையைக் கொடுத்து, 0.45இல் பத்தில் ஒன்றுகள் ஏற்கெனவே நான்கு இருப்பதைக் காட்ட வேண்டும்.

ஆகவே பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை, ஒரு திறனை அல்லது ஒரு தவறான எண்ணத்தை மட்டும் அளக்கும் இரண்டு மூன்று சிறு தேர்வுகளாக உடைத்துவிடுங்கள். மூடுலில் ஒவ்வொரு பாடத்தின் அமைப்புப் பக்கத்திலும் அணுகலைக் கட்டுப்படுத்தும் பகுதி ஒன்று உண்டு. குறிப்பிட்ட தேர்வில் இத்தனை சதவீதத்துக்குக் கீழே எடுத்தவருக்கு மட்டும் இந்தப் பாடம் திறக்கட்டும், மேலே எடுத்தவருக்கு அடுத்த அலகு திறக்கட்டும் என்று அங்கேயே நிபந்தனை வைக்கலாம். நிபந்தனைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய கண் அடையாளத்தை மூடிவிட மறக்காதீர்கள். அதை மூடாவிட்டால், நிபந்தனைக்குள் வராத பிள்ளைகளுக்கும் அந்த மறுபயிற்சிப் பாடத்தின் பெயர் மங்கலாகத் தெரியும். யாருக்கோ இப்படி ஒரு தனிப்பாடம் நடக்கிறது என்று வகுப்பு முழுவதும் பேசத் தொடங்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய வலி.

எட்டாம் வகுப்புப் பிள்ளையை ஐந்தாம் வகுப்புப் பாடத்துக்கு இறக்கலாமா என்ற தயக்கம் உங்களுக்கு வரும். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் ஆகிய மூவரும் டெல்லியில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். பள்ளி முடிந்த பிறகு பிள்ளையின் நிலையறிந்து பாடம் தரும் மைண்ட்ஸ்பார்க் மென்பொருள் மையங்களில் சேர 619 பேர் முன்வந்தனர். குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு இடம் கிடைத்தது. தொடக்கத் தேர்விலேயே, ஆறாம் வகுப்பினர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்ததும், ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நான்கரை வகுப்பாக விரிந்திருந்ததும் தெரியவந்தது. நான்கரை மாதங்களில், இடம் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிடக் கணிதத்தில் 0.37 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு) கூடுதலாக முன்னேறினர். தனக்குரிய படியில் நின்று படிக்க வைத்த மையங்களில் கிடைத்த பலன் அது.

அதே ஆய்வில், வகுப்புப் பாடத்தை ஒட்டிய பள்ளிக் கணிதத் தேர்வில் சராசரியாக அந்த ஏற்றம் தெரியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பின்னத்தில் தடுமாறிய பிள்ளை பின்னத்தைக் கற்றுக்கொண்டாலும், பள்ளித் தேர்வில் கேட்கப்படுவது இயற்கணிதம்தான் அல்லவா? இதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, அந்த மையங்களில் தினமும் 45 நிமிடம் மென்பொருள் என்றால், மற்றொரு 45 நிமிடம் சிறு குழுவாகப் பயிற்றுநரோடு அமர்ந்து படித்தார்கள். அதனால் ஒரே மறுபயிற்சியில் இரண்டு முறை தவறிய பிள்ளையை மூன்றாம் முறையும் அதே காணொளிக்கு அனுப்பாமல், நீங்களே தொலைபேசியில் அழைத்து, ஒரு கணக்கை வாய்விட்டுச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: என் மகள் இணையவழியில் ஆங்கிலம் படிக்கிறாள். சேரும்போது நடத்திய வினாப்பட்டியலை வைத்து, அவள் ‘பார்த்துக் கற்பவள்’ என்று முடிவு செய்து, படங்களாகவே தருகிறார்கள். இது சரியான முறையா?
– தந்தை, திருநெல்வேலி

பதில்: சரியன்று. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தினால் கற்றல் கூடுகிறதா என்பதை ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் 2008இல் விரிவாக ஆராய்ந்து, அப்படிப் பிரிப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். பிள்ளைக்கு ஒன்றின் மேல் விருப்பம் இருக்கலாம். அந்த விருப்பத்தால் மட்டும் அது கூடுதலாகக் கற்கும் என்று சொல்ல முடியாது. பாடத்தின் இயல்பே முறையை முடிவு செய்ய வேண்டும்: வடிவியல் என்றால் எல்லோருக்கும் படம் வேண்டும், ஆங்கில உச்சரிப்பு என்றால் எல்லோருக்கும் காது வேண்டும். உங்கள் மகளுக்குக் கேட்கும் பயிற்சியையும் பேசும் பயிற்சியையும் திறந்துவிடும்படி எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: நான் படிக்கும் நிரலாக்கப் படிப்பில் முன்தேர்வில் வென்றால் பாடத்தைத் தாண்டிவிடலாம். பல அலகுகளில் ‘தேர்ச்சி’ என்று வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எதுவும் நினைவில் இல்லை. குறை என்னிடமா?
– பொறியியல் மாணவர், கோவை

பதில்: உங்களிடம் இல்லை. இத்தகைய தளங்கள் பலவற்றுக்கு அடிப்படையாக இருக்கும் ஒரு கணிப்பு முறையைக் கார்பெட், ஆண்டர்சன் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1990களில் வகுத்தார்கள். மாணவர் முன்பே அறிந்திருக்கும் வாய்ப்பு, புதிதாகக் கற்கும் வாய்ப்பு, ஊகித்துச் சரியாகச் சொல்லும் வாய்ப்பு, தெரிந்தும் தவறும் வாய்ப்பு ஆகிய நான்கையும் வைத்துக் கணக்கிட்டு, அறிந்திருக்கும் வாய்ப்பு 95 சதவீதத்தைத் தொட்டால் தேர்ச்சி என்று அது குறிக்கிறது. மறதி என்ற ஒன்று அதன் மூல வடிவத்தில் இடம்பெறவில்லை. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே அளந்து காட்டிய மறதிக்கு இங்கே இடமில்லாமல் போனதால், ஒருமுறை கிடைத்த தேர்ச்சி அப்படியே நின்றுவிடுகிறது.

தாண்டிய அலகுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு வாரம் கழித்தும், மூன்று வாரம் கழித்தும் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு நிரலைக் குறிப்பைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். எழுத வராத அலகுக்கு மட்டும் திரும்பிப் போங்கள். அந்தத் தளம் அதைத் தேர்ச்சி என்றே காட்டிக்கொண்டிருந்தாலும் போங்கள்.