பால்மாவுக்குப் பையனை அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் எண்ணூரில் வெல்டர். மொசாம்பிக்கில் பால்மா என்ற ஊரில் எரிவாயு ஆலை வேலை, இங்கே வாங்குவதைப் போல மூன்று மடங்கு சம்பளம் என்று ஏஜென்ட் கூப்பிடுகிறார். அங்கே சண்டை என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். அனுப்பலாமா ஐயா?
– ஒரு தாய், எர்ணாவூர்

பதில்: சண்டை உண்மைதான் அம்மா. வேலையும் உண்மைதான்.

பால்மா, தான்சானியா எல்லையை ஒட்டிய மீனவர் ஊர். 2010இல் அதன் எதிரே கடலுக்கடியில் ஏராளமான எரிவாயு கிடைத்தது. அதைத் திரவமாக்கிக் கப்பலேற்ற, பக்கத்திலுள்ள அஃபுங்கியில் 2,000 கோடி டாலர் செலவில் ஆலை கட்டுகிறார்கள். நடத்துவது பிரான்ஸின் டோட்டல்எனர்ஜிஸ். நம் நாட்டுப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மூன்றுக்கு அதில் 30 சதவீதப் பங்கு உண்டு.

ஆலைக்காகக் கரையோரக் குடும்பங்களைக் கிட்டுண்டா என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றினார்கள். வீடு கிடைத்தது, கடல் தூரமாகிவிட்டது. தண்ணீர் வற்றும் நேரத்தில் கரையில் சிப்பி பொறுக்கிப் பிழைத்தவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறால் தடவுகிறார்களே, அவர்களை ரெட்ஹில்ஸ் தாண்டிக் குடிவைத்தால் எப்படியிருக்கும்? எர்ணாவூர்க்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சண்டைக்கு எரிவாயுவை மட்டும் காரணம் சொல்ல மாட்டேன். 2017 அக்டோபரில், தெற்கே மொசிம்போவா ட ப்ரயாவில் போலீஸ் நிலையங்களைத் தாக்கித்தான் அது தொடங்கியது. வேலையில்லாத பிள்ளைகள், கண்டுகொள்ளாத அரசு, அவர்களைப் பிடித்து இழுத்த தீவிரவாதம், எல்லாம் சேர்ந்தது. ஊரை விட்டு ஓடியவர்கள் பல லட்சம்.

நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய தேதி 2021 மார்ச் 24. நிறுத்தி வைத்த வேலையை மறுபடி தொடங்கப்போகிறோம் என்று கம்பெனி அறிவித்தது அன்றுதான். பால்மாவுக்குள் ஆயுதக்காரர்கள் புகுந்ததும் அன்றுதான். அஃபுங்கி வேலிக்குள் ராணுவக் காவல் இருந்தது. ஊருக்குள் அமருலா ஹோட்டலில் ஒப்பந்த வேலைக்காரர்களும் உள்ளூர்க்காரர்களும் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து வண்டிகளில் வரிசையாகத் தப்பிக்கப் பார்த்தபோது வழிமறித்துச் சுட்டார்கள். பல வண்டிகள் போய்ச் சேரவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் குவைத் ஞாபகம் வந்தது. 1990 ஆகஸ்டில் நான் அங்கே பைப் ஃபிட்டர். ஈராக் படை நுழைந்த அன்றைக்கு எங்கள் காம்ப்பில் நாற்பது பேர். காலையில் மெஸ்ஸுக்குப் போனோம். சோற்றுப் பானை சூடாக இருக்கிறது, மேனேஜரின் கார் இல்லை. பாஸ்போர்ட்டெல்லாம் அவர் அறைப் பீரோவில். பூட்டை உடைத்துத்தான் எடுத்தோம். எங்களுக்குச் சம்பளம் கொடுத்தது பெரிய கம்பெனி இல்லை, அதற்குக் கீழே மூன்றாவது ஒப்பந்தக்காரர். எங்கள் பெயர் யாருடைய பட்டியலிலும் இல்லை. பஸ் பிடித்து ஜோர்டான் நாட்டு அம்மான் நகருக்குப் போய், விமானம் ஏறும்வரை நாங்கள் பட்ட பாட்டை இன்னொரு இதழில் எழுதுகிறேன்.

2021 ஜூலையில் ருவாண்டா ராணுவம் வந்த பிறகு பால்மா ஓரளவு அடங்கியிருக்கிறது. அந்தத் தாக்குதலுக்குப் பிறகு மறுபடி வேலையை நிறுத்தி வைத்திருந்த கம்பெனியும் 2025 நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டது. ஆனால் அந்த மாகாணத்தில் தாக்குதல் நின்றபாடில்லை.

அதனால் சம்பளத்தை அப்புறம் பேசுங்கள். பையன் ராத்திரி படுப்பது அஃபுங்கி வேலிக்குள்ளா, ஊரிலா என்று முதலில் கேளுங்கள். ஊரில் என்றால் அனுப்பவே அனுப்பாதீர்கள். உள்ளே என்றால், சம்பளம் போடுவது யார், ஆபத்து வந்தால் யார் விமானத்தில் ஏற்றுவார்கள், அந்தப் பட்டியலில் இவன் பெயர் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஏஜென்ட், மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவானவரா என்றும் பார்த்துவிடுங்கள். வாய்வார்த்தையாக "எல்லாம் பார்த்துக்கலாம்மா" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தின் நகலைப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போடும் முன்னால் வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.